அளவெடுக்காமல் தரும் சக்கர நாற்காலி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டிப் பல ஊர்களில் உபகரணங்கள் வழங்கும் முகாம்கள் நடக்கின்றன. குழந்தைகளுக்கும் சக்கர நாற்காலி கிடைப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் 45 செ.மீ. அகல இருக்கை கொண்ட பெரியவர் நாற்காலியையே குழந்தைக்கும் கொடுத்து அனுப்பும் வழக்கம் இன்னும் மறையவில்லை. ஏழு வயதுப் பிள்ளையின் இடுப்பு அகலம் பெரும்பாலும் 25 செ.மீ.-க்குள்தான் இருக்கும். மிச்ச இடத்தில் ஒரு தலையணையைச் செருகிவிடுகிறார்கள்.

அகலமான இருக்கையில் பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்காரும். மூளை முடக்குவாதத்தால் உடலை நிமிர்த்திப் பிடிக்க முடியாத பிள்ளைக்கு அந்தச் சாய்வு நாளடைவில் முதுகெலும்பு வளைவாகவே நிலைத்துவிடக்கூடும். இருக்கையின் ஆழம் அதிகமென்றால் முன்விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் இடிக்கும். இடுப்பு முன்னே வழுக்கி, உடல் பாரம் வால் எலும்புப் பகுதியில் இறங்கும். தண்டுவடப் பிளவோடு பிறந்த பிள்ளைகள் பலருக்கு அங்கே உணர்ச்சி இருக்காது. வலிக்காததால் அழ மாட்டார்கள். புண் வந்த பிறகுதான் வீட்டாருக்குத் தெரியும். கால்தாங்கி எட்டாமல் தொங்கும் பாதம் கீழ்நோக்கியே இறுகிப்போகும். சக்கரத்தைப் பிடிக்கக் கைகளை அகல விரிக்க வேண்டியிருப்பதால், தானே ஓட்டக்கூடிய பிள்ளையையும் யாராவது தள்ளிக்கொண்டு போக வேண்டியதாகிறது. எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

அளவெடுக்க ஓர் இஞ்ச் டேப்பும் கெட்டியான ஸ்டூலும் போதும். பாதம் முழுதும் பதியும்படி உட்காரவைத்து, இடுப்பின் மிக அகலமான இடத்தை அளந்தால் அதுவே இருக்கையின் அகலம். புட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரையுள்ள நீளத்தில் 3 முதல் 6 செ.மீ. கழித்தால் ஆழம். இரு கால்களின் நீளம் வேறுபட்டால் குட்டையான காலையே கணக்கில் கொள்ள வேண்டும். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரையுள்ள அளவு கால்தாங்கிக்கு. வழக்கமாகப் போடும் செருப்போ, பாதத்தை நேராகப் பிடிக்கும் ஸ்பிளிண்ட்டோ காலில் இருக்கும்போதே இதை எடுக்க வேண்டும். ‘வளருகிற பிள்ளைதானே’ என்று அகலத்தைக் கூட்டக் கூடாது. கால்தாங்கியை இறக்கவும் முதுகுப்பகுதியைப் பின்னுக்கு நகர்த்தவும் வசதியுள்ள நாற்காலிதான் வளர்ச்சிக்கு இடம் தரும்.

பெரிய நாற்காலி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், மாற்று கிடைக்கும்வரை சிலவற்றைச் செய்யலாம். ரெக்சின் இருக்கை தொய்ந்து தொட்டில்போல ஆகியிருந்தால் தொடைகள் உள்ளே சரிந்து முழங்கால்கள் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் ஒரு பிளைவுட் பலகை, பலகைமேல் 5 செ.மீ. கனத்தில் அழுத்தமான ஃபோம். வெறும் பலகையில் உட்காரவைக்கவே கூடாது. உட்காரும் உயரம் கூடுவதால் கால்தாங்கியையும் அதே அளவு உயர்த்த வேண்டும். இடுப்பின் இருபுறமும் கெட்டி ஃபோம் துண்டுகளை நகராதபடி கட்டலாம். முதுகுக்குப் பின்னால் பஞ்சுத் தலையணை நிற்காது, நழுவிவிடும். இருக்கையிலிருந்து தோள்பட்டை எலும்புவரை ஒரே கட்டியாக ஃபோம் வேண்டும். அப்போது பாரம் முன்சக்கரங்களின் பக்கம் நகரும் என்பதால் குழி, கல் தட்டும் இடங்களில் கவனம் தேவை.

பெல்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது வயிற்றின் குறுக்கே இல்லாமல் தொடை தொடங்கும் மடிப்பை ஒட்டி, இருக்கைக்கு ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் கீழ்ப்பின்புறமாக இழுத்துக் கட்டப்பட வேண்டும். இடுப்பு பெல்ட் இல்லாமல் மார்புப் பட்டை மட்டும் போட்டால் பிள்ளை கீழே வழுக்கும்போது பட்டை கழுத்தில் மாட்டி மூச்சுத்திணறும். துப்பட்டாவால் மார்பைக் கட்டுவதிலும் இதே ஆபத்து உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டுதலிலேயே அளவெடுப்பு, பொருத்திப் பார்த்தல், பயிற்சி, பராமரிப்பு எல்லாம் சேவையின் பகுதிகளாகச் சொல்லப்பட்டுள்ளன. மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணங்கள் வழங்கும் மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டமும் பிள்ளைகளின் வளர்ச்சியைக் கருதியே, மீண்டும் உதவி பெறும் மூன்றாண்டு இடைவெளியை 12 வயதுக்குட்பட்டோருக்கு ஓராண்டாகக் குறைத்திருக்கிறது. இது பெற்றோரில் பலருக்குத் தெரிவதில்லை.

முகாம் நடத்தும் துறையினரும் தொண்டு அமைப்பினரும் சில வாரம் முன்பே இயன்முறை மருத்துவரைக் கொண்டு அளவெடுக்க வேண்டும். வழங்கும் நாளில் பிள்ளையை உட்காரவைத்துப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். எடுத்த அளவுகளை ஓர் அட்டையில் எழுதி நாற்காலியோடு கொடுத்தால், பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியரே ஒப்பிட்டுப் பார்த்து, எது போதாமல் போயிற்று என்று சொல்லிவிட முடியும்.

இப்படிக்கு,
குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவர்கள்,
திருச்சி