பார்ட் வர்ற வரைக்கும் ஃபைலை மூடாதீங்க: ஒரு எக்கோஸ்போர்ட்காரனோட திறந்த மடல்

மதிப்பிற்குரிய மோட்டார் கிளைம் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம் சார். உங்க இன்சூரன்ஸ் கம்பெனி பேரை இதுல போடல, என் பாலிசி நம்பரையும் போடல. போடாமலே உங்களுக்குத் தெரியும், ஏன்னா இந்த ஏழு வாரத்துல பதினோரு தடவ போன் பண்ணிட்டேன், நாலு மெயில் போட்டுட்டேன், மே 17 சிங்கப்பெருமாள் கோயில் சிக்னல்ல பின்னாடி இடி வாங்கின சில்வர் ஃபோர்டு எக்கோஸ்போர்ட் கார்னு ஆரம்பிச்சாலே உங்க கால் சென்டர் பொண்ணு "ஓ, நீங்களா சார்"ங்குது. அதனால முழுக் கதையும் திரும்பச் சொல்லல. ஜூன் 26 காலைல வந்த எஸ்எம்எஸ் பத்தித்தான் இந்த லெட்டர். உரிய ஆவணங்கள் சமர்ப்பிக்கப்படாததால் கிளைம் முடித்து வைக்கப்பட்டதுன்னு வந்துச்சு.

உரிய ஆவணம்னா என்னன்னு போன் பண்ணி கேட்டேன், ரிப்பேர் பில்லாம். ரிப்பேரே இன்னும் ஆகல சார், பில்லு எங்கேருந்து வரும்? பார்ட் ஆர்டர் போட்டாச்சு, எட்டுலேருந்து ஒன்பது வாரத்துல வரும்னு சர்வீஸ் சென்டர் லெட்டர்ஹெட்ல சீல் வச்சு குடுத்த பேப்பரு மே கடைசியிலயே உங்ககிட்ட வந்துருச்சு, கெடச்சதுன்னு பதில் மெயிலும் போட்டீங்க. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். பார்ட் வர்ற வரைக்கும் ஃபைலை மூடாதீங்க.

சேதத்தப் பாத்து மதிப்புப் போட நீங்க அனுப்பின சர்வேயர் ரிப்போர்ட்ல இது ஒரு வரிதான், "டெய்ல்கேட் டேமேஜ், வலது டெய்ல் லேம்ப் உடைஞ்சது". இந்த வண்டிய வச்சிருக்கவங்களுக்குத்தான் அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம்னு தெரியும். எக்கோஸ்போர்ட் டிக்கி மத்த வண்டி மாதிரி மேல தூக்கித் திறக்குறது கிடையாது, வீட்டுக் கதவு மாதிரி சைடுல திறக்கும், ஸ்டெப்னி அது முதுகுல தொங்கும். கைப்பிடி எங்க இருக்குன்னு புதுசா வர்றவங்க தடவிக்கிட்டே நிப்பாங்க, ஏன்னா அது வலது டெய்ல் லேம்ப்போட சேந்தாப்ல ஒளிஞ்சிருக்கும். பாக்க அழகாத்தான் இருக்கும், நானே புதுசுல நாலு பேருக்கு திறந்து காட்டி பெருமைப்பட்டிருக்கேன். பின்னாடி வந்து இடிச்ச குட்டி யானை வண்டிக்காரர் கரெக்டா அந்த மூலையிலதான் கொண்டாந்து ஏத்தினார். லேம்ப் தூள், கைப்பிடி உள்ள போயிருச்சு, லாட்ச் வளைஞ்சு கதவு ஜாம் ஆயிருச்சு.

அன்னிக்கு பண்ருட்டிலேருந்து வந்துட்டிருந்தோம், டிக்கிக்குள்ள பதினாலு கிலோ பலாப்பழம். சர்வே முடியுற வரைக்கும் வண்டில யாரும் கை வைக்கக்கூடாதுன்னு உங்காளு போன்ல சொல்லிட்டார், சர்வேயர் வந்தது நாலாம் நாள், மே மாச வெயில் உங்களுக்கே தெரியும். ரெண்டாம் நாளே பின் சீட்ட மடக்கி உள்ள தவழ்ந்து போய் பழத்த வெளிய இழுத்துட்டேன், வாசனைய இழுக்க முடியல. சர்வேயர் மூக்கச் சுருக்கிட்டு "என்ன சார் பலாப்பழமா"ன்னு கேட்டார். நல்ல மனுஷன், ரெண்டு சுளை குடுத்தோம், சாப்பிட்டார்.

அது சிரிச்சுட்டுப் போற விஷயம். சிரிக்க முடியாதது எங்கம்மாவோட வீல்சேர். ஸ்ட்ரோக் வந்து ஒன்றரை வருஷம் ஆகுது, செவ்வாயும் வெள்ளியும் செங்கல்பட்டுல பிசியோ. முன்னாடில்லாம் டிக்கியத் திறந்து மடக்குன வீல்சேர நேரா உள்ள தள்ளிட்டு ஏறிருவோம். இப்போ பின் சீட்ல பெரிய பாதிய மடக்கணும், சேர சைடு டோர் வழியா சாய்ச்சு நுழைக்கணும், கால் வைக்கிற கம்பி கதவுல மாட்டும், கழட்டி திரும்ப நுழைக்கணும், மிச்சமிருக்கிற ஒத்த சீட்ல என் வைஃப் முட்டிய மடக்கிட்டு உக்காரணும். எறக்கும்போது இதே வேலை தலைகீழா. அதுவரைக்கும் எங்கம்மா முன் சீட்ல கதவத் திறந்து வச்சுக்கிட்டு வெயில்ல உக்காந்திருக்காங்க, வர்றவன் போறவன்லாம் பாத்துட்டுப் போறான். போன வாரம் "என்னாலதானடா உனக்கு இவ்ளோ கஷ்டம்"னாங்க. உங்க கிளைம் ஃபார்ம்ல இதை எழுத கட்டம் எதுவும் இல்ல, தேடிப் பாத்துட்டேன்.

கதவ நெம்பித் திறந்துரலாமேன்னு கேப்பீங்க. மெக்கானிக் கிட்ட கேட்டேன், திறந்துரலாம் ஆனா திரும்ப மூடாது, கயிறு போட்டுக் கட்டணும், ஸ்டெப்னி வெயிட்டோட அந்தக் கதவு ஜிஎஸ்டி ரோட்டுல தொறந்துக்கிச்சுன்னா பின்னாடி பைக்ல வர்றவன் கதி என்னன்னார். அதோட விட்டுட்டேன்.

இப்போ உங்க சர்வேயர் போகும்போது சொன்ன விஷயத்துக்கு வரேன். "கார் கம்பெனியே ஊர விட்டுப் போயிருச்சு சார், இதுக்கெல்லாம் பார்ட் வராது, ஒன்பதாயிரம் போட்டுத் தரேன், கேஷ் லாஸ்ல வாங்கிட்டு முடிச்சுக்கோங்க." அதாவது ரிப்பேர் பில் இல்லாம பணமா வாங்கிட்டு ஒதுங்கிக்கணுமாம். எஸ்டிமேட் 58,400. பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம் தேய்மானம், அஞ்சு வருஷம் தாண்டின வண்டிங்கறதால மெட்டலுக்கு 40 சதவீதம், அதுக்கு மேல நான் கையிலேருந்து போடுற ஆயிரம் ரூபா, எல்லாம் ரூல்படி, நான் மறுத்தே பேசல. கூட்டிக் கழிச்சா எனக்கு வர வேண்டியது 31,000 சொச்சம். அதுல ஒன்பதாயிரம் வாங்கிட்டுப் போன்னா, மீதிக் கதவ நான் எதுல சார் செய்யுறது?

கம்பெனி போனது எனக்குத் தெரியாமலா வாங்கினேன்? நான் இருக்குறது ஃபோர்டு பிளான்ட் இருக்குற மறைமலை நகர் பக்கம். இங்க யாருக்கும் அதப் பாடம் எடுக்க வேணாம். 2021 செப்டம்பர் 9ம் தேதி ஃபோர்டு இந்தியாவுல கார் செய்யுறத நிறுத்தப் போறோம்னு சொன்னப்போ என் மச்சான் அந்த பிளான்ட்டுக்குப் பொருள் குடுக்குற வெண்டார் கம்பெனியில ஷிஃப்ட்ல இருந்தாரு. 2022 ஜூலைல கடைசியா அந்த கேட்டுலேருந்து வெளிய வந்தது எக்கோஸ்போர்ட்தான், என் வண்டியோட தம்பி. ஆனா போனவங்க போறப்பவே பார்ட்ஸும் சர்வீசும் தொடரும்னு சொல்லிட்டுத்தான் போனாங்க, சர்வீஸ் சென்டர் இன்னிக்கும் திறந்திருக்கு, வரும்னு எழுதியும் குடுத்திருக்கு. வராதுன்னு சொல்றது நீங்க மட்டும்தான்.

வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் அலைஞ்சேன் சார். சொந்தக்காரங்க எல்லாரும் "அனாதை வண்டிய ஏண்டா வாங்குற"ன்னாங்க. பேங்க்ல போய் லோன் கேட்டா, லிஸ்ட்ட மேலேருந்து கீழ விரல் வச்சுப் பாத்துட்டு இந்த பிராண்டுக்கு பழைய வண்டி லோன் தர்றதில்லன்னுட்டாங்க, அதனால நகைய வச்சுத்தான் வாங்கினேன். இதே காசுக்கு வேற கம்பெனி சின்ன வண்டி கெடச்சிருக்கும், ஆனா கிரவுண்ட் கிளியரன்ஸ் 200 மில்லிமீட்டர், நாலு மீட்டருக்குள்ள அடங்குற நீளம், எங்க தெருல திரும்பும், எங்கம்மா ரொம்பக் குனியாம ஏறலாம் எறங்கலாம். 2019 மாடல் 1.5 டீசல், ஒரே ஓனர், சர்வீஸ் ரெக்கார்டு முழுசா இருந்துச்சு. சென்னையில பழைய பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டை வரைக்கும் போய் பார்ட்ஸ் கெடைக்குமான்னு விசாரிச்சேன். அப்புறம், இத நல்லா கவனிங்க, உங்க ஏஜென்ட் கிட்ட கேட்டேன். "அதெல்லாம் ஒரு பிரச்சனையும் இல்ல சார், நாங்க போடுறோம்"னார்.

போட்டீங்க. வண்டிய சுத்தி சுத்தி வீடியோ எடுக்கச் சொன்னீங்க, ஸ்டெப்னியையும் சேத்து எடுத்து அனுப்பினேன், ஐடிவி, அதாவது வண்டியோட காப்பீட்டு மதிப்பு, 4,85,000ன்னு நீங்களே போட்டு பிரீமியம் வாங்கினீங்க. அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கும் கம்பெனி செய்யுறத நிறுத்தின மாடலுக்கும் மதிப்பு எப்படிப் போடணும்னா, காப்பீட்டுக் கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி ஒத்துக்குற தொகைங்கறதுதான் ரூலு. அதாவது அந்த மாதிரி வண்டியும் இருக்கும், அதுக்கும் இன்சூரன்ஸ் போடணும்னு ரூல் எழுதினவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. மார்ச் மாசம் பிரீமியம் வாங்கும்போது என் வண்டி நாலே முக்கா லட்சத்துக்கு மேல பெறுமானமுள்ள வண்டி, மே மாசம் கிளைம் கேட்டா செத்த பிராண்டு. ரெண்டு மாசத்துல செத்தது யாரு சார்?

புதுப்பேட்டைக்கு திரும்பவும் போனேன், அங்க ஒரு கடையில எக்கோஸ்போர்ட் டெய்ல்கேட் மூணு வரிசையா தொங்குது, ஒண்ணு என் வண்டி கலரே. 16,000 கேட்டார், பேசினா கொறைப்பார். ஆனா ஜிஎஸ்டி பில் கெடையாது, பில் இல்லாம நீங்க பாஸ் பண்ண மாட்டீங்க, சரி அது உங்க ரூல், ஒத்துக்குறேன். புதுசு போட்டா காத்திருக்க மாட்டேங்கறீங்க, பழசு போட்டா பில்லு கேக்குறீங்க. அப்போ நான் என்னதான் போடுறது, மரப்பலகையா?

இதுல இன்னொரு விஷயம். மாடல் நின்னுபோறதெல்லாம் ஒரு குத்தமா? மாருதி 800 2014லயே நின்னுருச்சு, இன்னும் எங்க தெருல ரெண்டு ஓடுது. அம்பாசிடரும் அதே வருஷம்தான் நின்னுச்சு, கவர்மென்ட் ஆபீசு வாசல்ல அதுக்கப்புறமும் எத்தன நாள் வெள்ளையா நின்னுச்சுன்னு எல்லாரும் பாத்தோம். செவர்லே 2017 கடைசியில இந்தியாவுல விக்கிறத நிறுத்திட்டாங்க, டாட்சன் 2022ல போயிருச்சு. இந்த வண்டிங்களுக்கெல்லாம் வருஷா வருஷம் பிரீமியம் கட்டுறவன் இருக்கான், அவன்கிட்ட "உங்க பிராண்டு போயிருச்சு, பிரீமியம் வேணாம், பத்திரமா ஓட்டுங்க"ன்னு எந்தக் கம்பெனியாவது சொல்லிருக்கா? ரினீவல் தேதிக்கு ஒரு மாசம் முன்னாடிலேருந்து ஒரு நாளைக்கு நாலு போனு வருது. அந்த டீம்ல ஒரு ஆள கொஞ்ச நாளைக்கு கிளைம் பக்கம் அனுப்பி வைங்க சார், அவங்கதான் ரொம்ப சுறுசுறுப்பு. இத்தனைக்கும் அதே ஃபோர்டு 2024 செப்டம்பர்ல, ஏற்றுமதிக்கு மறைமலை நகர் பிளான்ட்ட மறுபடி பயன்படுத்தப் போறோம்னு தமிழ்நாடு அரசுக்கு லெட்டர் குடுத்துச்சு. விட்டுட்டுப் போன கம்பெனியே திரும்ப வர யோசிக்குது, உங்க ஃபைலு நாப்பது நாள்ல மூடிக்குது.

கோவத்துல எங்கேயோ போயிட்டேன், மன்னிக்கணும். உங்க மேல தனிப்பட்ட முறையில எனக்கு ஒண்ணும் கிடையாது, கால் சென்டர்ல பேசுற பொண்ணு மேலயும் கிடையாது, அது பாவம் ஒவ்வொரு தடவையும் "உங்க சிரமம் புரியுது சார்"னு சொல்லுது, அதுக்கு மேல சொல்ல அதுக்கு அனுமதி இல்லபோல. கிளைம ஆவணம் இல்லன்னு மட்டும் சொல்லி நிராகரிக்கக் கூடாதுன்னு 2024 ஜூன்ல இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஐஆர்டிஏஐ சுற்றறிக்கையே போட்டிருக்கு. நிராகரிக்கல, முடிச்சுத்தான் வச்சிருக்கோம்னு உங்க ஆபீசுல ஒருத்தர் வித்தியாசம் சொன்னார், அவர் தமிழ் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அவங்களோட புகார் வெப்சைட் பீமா பரோசால புகார் போடத் தெரியும், சென்னையில இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் ஆபீசு இருக்குறதும் தெரியும். அங்கெல்லாம் போறதுக்கு முன்னாடி உங்ககிட்டயே கேட்டுப் பாத்துருவோம்னுதான் இத எழுதுறேன். உங்க கையில முடியுற விஷயம்தான இது.

எனக்கு அதிகமா ஒத்த ரூபா வேணாம். பார்ட் இல்லன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, மூடுன ஃபைல திறந்து வைங்க, பார்ட் ஜூலை கடைசில வருது, வந்து வண்டி ரெடியானதும் பில்ல நானே கொண்டாந்து குடுக்குறேன். அதுவரைக்கும் தயவுசெஞ்சு மூடாதீங்க.

வர்ற செவ்வாய்க்கிழமை காலைல பதினோரு மணிக்கு சர்வீஸ் சென்டர் பேப்பர் காப்பிய எடுத்துக்கிட்டு உங்க ஆபீசுக்கு நேர்லயே வரேன். அன்னிக்கு பிசியோ இருக்கு, முடிச்சுட்டு அப்படியே வர்றதால அம்மாவும் கூட இருப்பாங்க. உங்க ஆபீசு மூணாவது மாடின்னு தெரியும், லிஃப்ட் இருக்கு, அது பிரச்சனை இல்ல. கீழ வீல்சேர வண்டியிலேருந்து எறக்குறதுக்கு மட்டும் செக்யூரிட்டி ஒருத்தர கூட நிக்கச் சொன்னீங்கன்னா உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
சில்வர் எக்கோஸ்போர்ட்காரன்