நான்கு முகங்களைத் தேடித் தந்தவர்களுக்கு

கீச்சாங்குப்பம், நாகப்பட்டினம்.

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

2024 டிசம்பர் 26. எங்கள் ஊர்ச் சனம் வழக்கம்போலப் பாலும் பூவும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனது. சுனாமி வந்து இருபதாவது வருடம். அன்றைக்குத்தான் முதல்முறையாக என் நான்கு கூட்டாளிகளின் படங்களும் அந்தக் கூட்டத்தோடு வந்தன. அதுவரை மற்ற வீட்டு அம்மாக்கள் பிள்ளையின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பார்கள். இந்த நான்கு வீட்டு அம்மாக்கள் மட்டும் பால் செம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் வருவார்கள். அவர்களிடம் படம் இல்லை. பிள்ளையைக் கொண்டுபோன தண்ணீரே பீரோவையும் ஆல்பத்தையும் சுவரில் மாட்டியிருந்ததையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தது.

அந்தப் படங்கள் கிடைக்க உதவிய ஒவ்வொருவருக்கும் நேரில் வந்து நன்றி சொல்ல ஆசைதான். சிலருக்கு முகவரிகூட என்னிடம் இல்லை. அதனால் இந்த மடல். பெயர்களை எழுதவில்லை. பிள்ளைகளின் பெயர் வேண்டாம் என்று அம்மாக்கள் கேட்டுக்கொண்டார்கள். உதவியவர்களும் தங்கள் பெயர் வேண்டாம் என்றே சொன்னார்கள். படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நாங்கள் ஐந்து பேர். நானும் என் வகுப்பில் படித்த இரண்டு பெண்களும், எங்களைவிட ஒரு வயது மூத்தவன் ஒருவன், அப்புறம் எங்கே போனாலும் பின்னாலேயே ஓடிவரும் எட்டு வயசுக் குட்டி ஒருவன். 2004 டிசம்பரில் எனக்குப் பதினொரு வயது. அரையாண்டு லீவு. அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. அம்மா விடியற்காலையில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்திலுள்ள சிக்கல் ஊருக்கு மீன் விற்கப் போவாள். லீவு நாள் என்றால் தராசைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். முதல்நாள் ராத்திரியே பக்கத்து வீட்டுக்காரி சொல்லிவிட்டாள்: "நாளைக்குப் போகாதடி, நாலு பேரு வெச்சுக்கிட்டு எப்படி ஆடுறது?" நான் போய்விட்டேன்.

காலை 6.29-க்குச் சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடியில் பூமி ஆடியிருக்கிறது. தண்ணீர் எங்கள் கரைக்கு வந்தபோது ஒன்பது மணி வாக்கில் இருக்கும். நடுவில் இரண்டரை மணி நேரம். அதற்குள் அவர்கள் முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, கடற்கரைக்கு விளையாடப் போயிருந்தார்கள். சுனாமி என்ற சொல்லையே எங்கள் ஊரில் அப்போது யாரும் கேட்டதில்லை. சிக்கலில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்த ஒருவர், "கடல் ஊருக்குள்ள வந்துடுச்சு" என்றார். அம்மா நம்பவில்லை. கடல் எப்படி வரும் என்று அவரையே கேட்டாள். அப்பா அன்று ஆழ்கடலில் இருந்தார். அங்கே படகுக்கு அடியில் அலை போனதே தெரியவில்லையாம். கடலில் இருந்தவர்கள் பிழைத்தார்கள், கரையில் இருந்தவர்கள் போனார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல். அதில் பெண்களும் பிள்ளைகளும்தான் எத்தனை பேர்!

அன்றைக்கு உதவியவர்களுக்கே இன்னும் நன்றி சொல்லாமல் இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சிக்கலில் எங்களிடம் வாரா வாரம் சங்கரா மீன் வாங்கும் அம்மா, அன்று எங்கள் இருவரையும் திண்ணையிலிருந்து உள்ளே கூட்டிப் போய் நான்கு நாள் வீட்டில் வைத்துக்கொண்டார். விற்காமல் கிடந்த மீனைக் கொல்லையில் குழிவெட்டிப் புதைத்தார், என் அம்மா அதைப் பார்க்கக் கூடாது என்று. எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டார். அவர் இப்போது இல்லை. அவருடைய மகள் இதைப் படித்தால், உங்கள் வீட்டு நீலக் கதவு எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது அக்கா. நாகூர் தர்காவில் எங்கள் சனத்துக்குப் படுக்க இடம் கொடுத்து, சோறு ஆக்கிப் போட்டவர்களுக்கும், வெளியூர்களிலிருந்து வந்து சேற்றிலிருந்து எங்கள் பிள்ளைகளைத் தூக்கி அடக்கம் செய்த துப்புரவுத் தொழிலாளர்களுக்கும் தொண்டர்களுக்கும் நன்றி. பெற்றவர்களே கிட்டப்போக முடியாத நிலையில் இருந்த பிள்ளைகளை நீங்கள் கையில் எடுத்தீர்கள். உங்களில் ஒருவர், பக்கத்து வீட்டு அத்தையிடம் கேட்டு அவள் பிள்ளையின் கொலுசைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அது இன்னும் சாமி மாடத்தில் இருக்கிறது.

சரி, படங்களுக்கு வருகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டு அத்தை என்னிடம் கேட்டாள்: "அவ மூக்கு எங்கூட்டு மூக்கா, அவங்க அப்பாரு மூக்கா? ஒனக்காச்சும் ஞாபகம் இருக்கா?" எனக்கு ஞாபகம் இல்லை. அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள் நான். அன்றிரவு தூங்க முடியவில்லை. அவர்கள் சிரிப்பும் சண்டையும் எல்லாம் நினைவில் இருந்தன, முகம் மட்டும் எங்கோ போய்விட்டது. அப்போதுதான் தேட ஆரம்பித்தேன். அடக்கம் செய்வதற்கு முன் அடையாளத்துக்காக எடுத்த போட்டோக்கள் இருக்குமே என்று ஒருவர் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அத்தையிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உயிரோடு இருக்கும்போது எடுத்த படம்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் படத்தைக் கொடுத்தவர் எங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர். ஓய்வு பெற்று மயிலாடுதுறையில் இருக்கிறார். வகுப்பு குரூப் போட்டோவை அட்டையோடு செய்தித்தாளில் சுற்றி, பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்துவிட்டு, "ஒவ்வொரு தரம் வீடு மாத்தும்போதும் இதத்தான் முதல்ல எடுத்து வைப்பேன்" என்றார். இரண்டாவது வரிசையில் அவள் நிற்கிறாள். கேமராக்காரர் கிளிக் செய்த நொடியில் கண்ணை மூடிவிட்டாள். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது, இருபது வருடம் கழித்துக் கிடைத்த ஒரே படத்தில் கண் மூடியிருக்கிறதே என்று. அத்தை அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "தூங்குறப்ப இப்படித்தான் இருப்பா" என்றாள். கண்ணைத் திறந்த மாதிரி கம்ப்யூட்டரில் மாற்றித் தருகிறேன் என்று சொன்ன தம்பிக்கும் நன்றி. வேண்டாம் என்றதும் புரிந்துகொண்டாயே, அதற்கும் சேர்த்து. மூக்கு அத்தையுடைய மூக்குதான்.

இரண்டாவது, மூத்தவனுடைய படம். அவன் டவுனில் படித்தான், இலவச பஸ் பாஸ் வைத்திருந்தான். பாஸ் அவனோடு போய்விட்டது. ஆனால் விண்ணப்பத்தில் ஒட்டிய பாஸ்போர்ட் சைஸ் படம் இருக்க வேண்டுமே என்று தோன்றியது. அந்தப் பள்ளியின் அலுவலக உதவியாளர் அண்ணன் இரண்டு சனிக்கிழமை முழுக்கப் பழைய கட்டுகளைப் பிரித்துத் தேடினார். கரையான் தின்றது போக மிச்சமிருந்த கட்டில், குண்டூசி துரு ஏறிக் காகிதத்தோடு ஒட்டிக்கிடந்தது அந்தப் படம். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு விறைப்பாக இருக்கிறான். வீட்டில் எண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்ட தலை. நெற்றியின் குறுக்கே ரப்பர் ஸ்டாம்பின் அரை வட்டம் விழுந்திருக்கிறது. அதை அழிக்காமலே பெரிதாக்கினோம்.

மூன்றாவதுதான் பெரிய பாடு. என் வகுப்புக்காரிதான் என்றாலும் குரூப் போட்டோ எடுத்த அன்று அவளுக்கு அம்மை போட்டிருந்தது, பள்ளிக்கு வரவில்லை. ஆனால் அந்த வருடம் அவள் சித்திக்கு மஞ்சள் நீராட்டு நடந்தது. போட்டோ எடுத்தவர் டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்த ஐயா. சுனாமி அன்று கடைக்குள்ளும் தண்ணீர் ஏறி, கீழ்த்தட்டில் இருந்த நெகட்டிவ் கட்டுகள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போனது. யாராக இருந்தாலும் தூக்கிப் போட்டிருப்பார்கள். ஐயா அவற்றைப் பிஸ்கட் டின்களில் போட்டு வீட்டுப் பரணில் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "முகம் இருக்கிறத எப்படிம்மா குப்பையில போடுறது?"

ஒட்டிய நெகட்டிவைப் பிய்த்தால் படமும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். நெகட்டிவின் மேல் படமாக இருப்பது ஜெலட்டின் பூச்சு. ஈரத்தில் அது பசையாகி ஒட்டும், காய்ந்தால் இறுகும். அதை மறுபடி ஊறவைத்து, தானாக விடும்வரை காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது தஞ்சாவூரில் கலர் லேப் வைத்திருக்கும் தம்பி. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை ஒரு தட்டில் ஊற்றி, சுருளை அதில் கிடத்தி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டான். நடுவில் இரண்டு முறை தண்ணீர் மாற்றினான். ஓரம் கொஞ்சம் நெகிழும்போது மெல்லிய பிரஷ்ஷால் தொடுவான், வராவிட்டால் கையை எடுத்துவிடுவான். மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. ஆறு கட்டங்கள் பிரிந்து வந்தன. நான்கில் ஒன்றுமே இல்லை, உப்பு அரித்திருந்தது. ஐந்தாவதில் பந்தல் தெரிந்தது. ஆறாவதில், சீர்வரிசைத் தட்டு ஏந்தி நிற்கிற பெண்களில் கடைசியாக ஒரு சின்னப் பெண்.

நெகட்டிவில் முகம் இருட்டாகவும் முடி வெளிச்சமாகவும் தெரியும். அதை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து அவள் அம்மாவிடம் காட்டினான். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். சட்டென்று, "தலைய சாச்சுக்கிட்டு நிக்கிறா பாரு, எம் புள்ளதான்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தம்பி ஸ்டூலைவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பிரிண்டில் அவள் தோளுக்குக் கீழே எல்லாம் பச்சையும் சிவப்புமாகத் திட்டுத்திட்டாக அரித்துப்போயிருக்கிறது. முகம் முழுதாக வந்திருக்கிறது. தம்பி, நீ காசு வாங்கவில்லை. உன் வீட்டுக்கு வஞ்சிரம் கொடுத்தனுப்பியபோது அதற்கும் காசு கொடுக்கப் பார்த்தாய். இனிமேல் அப்படிச் செய்யாதே.

நான்காவது, எங்கள் குட்டி. அவனுக்குப் படமே கிடையாது. எங்கும் இல்லை. அவன் அம்மாவுக்கு அவன் ஒரே பையன். அவன் பிறந்தபின் ஒரு குழந்தை தங்காமல் போனதால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தாள். இப்படிப் பிள்ளையை இழந்த தாய்மார்கள் எங்கள் கரையில் நிறையப் பேர். அவர்களுக்கு மறுபடி குழந்தை பிறப்பதற்காக, வெட்டிய குழாயைத் திரும்ப இணைக்கும் ஆபரேஷனை அரசாங்கமே இலவசமாகச் செய்ய ஏற்பாடு செய்தது. பயந்து பயந்து அவளும் போனாள். 2006-இல் ஒரு பெண் பிறந்தாள். அந்த ஆபரேஷனைச் செய்த டாக்டரம்மாவுக்கும் கூட இருந்த நர்சுகளுக்கும் அவள் சார்பில் நன்றி சொல்லச் சொன்னாள். உங்கள் பெயர் அவளுக்குத் தெரியாது. "கை சில்லுனு இருக்கும், பேச்சு சிரிச்ச பேச்சு" என்று மட்டும் சொல்கிறாள்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினெட்டு வயது. அண்ணனைப் பார்த்ததே இல்லை. கும்பகோணத்திலிருந்து ஒரு ஓவியர் ஐயா வந்து, எங்கள் வீட்டு வாசலில் அவளை உட்காரவைத்து வரைந்தார். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு திருத்தம் சொன்னாள். புருவம் இதைவிட அடர்த்தி, காது கொஞ்சம் விடைத்திருக்கும், முன்பல் ஒன்று விழுந்திருந்தது, அதைப் போடாதீங்க. ஐயா ரப்பரால் அழிப்பார், மறுபடி வரைவார். முகம் சுளிக்கவில்லை. ஒருமுறைகூட "போதுமா?" என்று கேட்கவில்லை. அம்மா பேச்சை நிறுத்தியபோது அவரும் பென்சிலைக் கீழே வைத்தார். தெருவில் போன என் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "டேய்!" என்றார். அவனைக் கூப்பிடுகிற அதே குரலில். அதோடு எங்கள் யாருக்கும் சந்தேகம் இல்லை.

படங்களைச் சட்டம் போட்டுக் கொடுத்த வெளிப்பாளையம் கடைக்காரருக்கும், உப்புக்காற்றில் கெடாமல் இருக்கப் பின்பக்கம் அட்டைக்குப் பதில் வேறு ஏதோ வைத்து ஒட்டித் தந்ததற்கும் நன்றி. ஊர்வலத்தில் இந்த நான்கு பேரையும் முன்னால் நடக்கவிட்ட ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் நன்றி. அன்று கடலுக்குப் போகாமல் எங்களோடு கரையில் நின்ற எல்லோருக்கும் நன்றி.

ஸ்டூடியோ ஐயா வீட்டுப் பரணில் இன்னும் இரண்டு டின் இருக்கின்றன, பிரிக்காமல். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எல்லாம் கலந்திருக்கின்றன. அக்கரைப்பேட்டை, நம்பியார் நகர், கல்லார் என்று எந்த ஊர் விசேஷம் என்று உறைமேல் எழுதியது அழிந்துவிட்டது. தஞ்சாவூர்த் தம்பி மாதத்தில் கடைசி ஞாயிறு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் படம் இல்லையென்றால், அன்று காலை எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நெகட்டிவில் பார்த்து அடையாளம் சொல்ல அவர்களால்தான் முடியும்.

அன்புடன்,
ஐந்தாவது கூட்டாளி