தற்காலிகக் கோப்புக்கு ஊகிக்கக்கூடிய பெயர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் வாராவாரம் வரும் லினக்ஸ் தொடரை எங்கள் கல்லூரி மாணவர்கள் வெட்டி வைத்துப் படிக்கிறார்கள். கட்டளைகளைக் கோப்பாக எழுதி ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்டைத் தமிழில் இவ்வளவு எளிமையாகச் சொல்லித் தருவது பெரிய காரியம். அதனால்தான் சென்ற வாரம் வந்த ஒரு ஸ்கிரிப்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. படித்ததை அப்படியே எங்கள் சர்வரில் தட்டிப் பார்க்கிற பிள்ளைகள் இவர்கள். அந்த சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

மாணவர்களின் மதிப்பெண்களைத் திரட்டி வரிசைப்படுத்தும் ஸ்கிரிப்ட் அது. இடையில் தகவலை வைத்துக்கொள்ள, டெம்ப் டைரக்டரியில் ‘மார்க்ஸ்’ என்ற சொல்லோடு, ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் கணினி தரும் ப்ராசஸ் எண்ணைச் சேர்த்து ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்குகிறது. அதற்கு முன், அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருக்கிறதா என்று இஃப் போட்டுப் பார்க்கிறது. இப்படிச் செய்தால் பாதுகாப்பு என்று கட்டுரையாளர் குறிப்பும் எழுதியிருக்கிறார். அது பாதுகாப்பு இல்லை.

டெம்ப் டைரக்டரி எல்லோருக்கும் பொது. அதன் அனுமதி 1777. கடைசி மூன்று ஏழுகளால் யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். முன்னால் இருக்கும் 1 ஸ்டிக்கி பிட். அடுத்தவர் கோப்பை அழிக்கவோ பெயர் மாற்றவோ அது விடாது. ஆனால் நீங்கள் பயன்படுத்தப்போகும் பெயரை உங்களுக்கு முன்பே ஒருவர் பிடித்து வைத்துக்கொள்வதை அது தடுக்காது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பேருந்தில் ஜன்னல் வழியாகக் காலி இருக்கையைப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு படியேறி வருவதற்குள் வேறொருவர் துண்டு போட்டுவிடுவார் அல்லவா? கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் அதை உருவாக்குவதற்கும் நடுவில் அதே இடைவெளி இருக்கிறது. அந்த நேரத்தில் இன்னொரு பயனர் அதே பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) போட்டு, அதை வேறொரு முக்கியமான கோப்பின் பக்கம் திருப்பிவிடலாம். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனர் ஸ்கிரிப்டை ஓட்டினால், மதிப்பெண்கள் போய் விழுவது அந்த முக்கியமான கோப்பின் மேல். அதில் இருந்தது அழிந்துவிடும்.

ப்ராசஸ் எண் சேர்த்தால் ஊகிக்க முடியாது என்பதும் சரியல்ல. அது வரிசையாக ஏறுகிற எண். பிஎஸ் கட்டளை தட்டினால் இப்போது எதுவரை வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரிந்துவிடும். லினக்ஸில் நெடுங்காலம் அதன் வழக்கமான உச்ச வரம்பே 32,768ஆகத்தான் இருந்தது. அத்தனை பெயர்களுக்கும் முன்கூட்டியே லிங்க் போட்டு வைக்க ஒரு வரி ஃபார் லூப் போதும்.

தாக்குதலெல்லாம் நம் கல்லூரியில் யார் செய்யப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. சரி, அதை விடுங்கள். புதிய கோப்பின் அனுமதியைக் குறைக்கும் உமாஸ்க், வழக்கமான 022 ஆக இருக்கும் இடத்தில் அந்த ஸ்கிரிப்ட் உருவாக்கும் கோப்பின் அனுமதி 0644. அந்த சர்வரில் லாகின் உள்ள எவரும் கேட் கட்டளை கொடுத்து மொத்த வகுப்பின் மதிப்பெண்களையும் படித்துவிடலாம். ஸ்கிரிப்ட் பாதியில் நின்றால் கோப்பு அங்கேயே கிடக்கும். மதிப்பெண்களுக்குப் பதில் அது சம்பளப் பட்டியலாகவோ நோயாளிகளின் விவரமாகவோ இருந்தால் என்ன ஆகும் என்று கட்டுரையாளர் யோசித்திருக்க வேண்டும்.

பெரிய ஆட்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். ஜாவா படிக்கும் மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சோதனைக் கருவியான ஜேயூனிட் 4-இல், தற்காலிக ஃபோல்டர் உருவாக்கும் வசதி தன் கோப்புகளை மற்றப் பயனர்களும் படிக்கும்படி விட்டிருந்தது. 2020-இல்தான் 4.13.1 பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இப்போது இதையெல்லாம் தடுக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். இப்படிப்பட்ட பொது டைரக்டரியில் அடுத்தவர் போட்ட சிம்லிங்க்கைப் பின்தொடராமல் இருக்கும் வசதி 2012-இல் 3.6 கெர்னலில் வந்தது. அடுத்தவர் முன்கூட்டியே உருவாக்கி வைத்த சாதாரணக் கோப்புக்கும் 2018-இல் 4.19-இல் தடை வந்தது. ஆனால் இவை அமைப்பில் இயக்கியிருந்தால்தான் வேலை செய்யும். இயக்கியிருந்தாலும் உங்கள் ஸ்கிரிப்ட் ‘அனுமதி இல்லை’ என்று அங்கேயே நின்றுவிடும். வேண்டுமென்றே பெயரைப் பிடித்து வைப்பவருக்கு அதுவே போதும். அப்புறம், 0644 பிரச்சினைக்கு இந்தத் தடைகளால் ஒரு பயனும் இல்லை.

இத்தனைக்கும் திருத்தம் மிகச் சிறியது. ஷெல்லில் எம்கேடெம்ப் என்ற கட்டளை இருக்கிறது. அது ஊகிக்க முடியாத பெயரைத் தேர்ந்து, கோப்பையும் அதே நேரத்தில் உருவாக்கி, உரிமையாளர் மட்டும் படிக்க எழுத 0600 அனுமதி வைத்து, பெயரைத் திருப்பித் தரும். அதை ஒரு மாறியில் வாங்கிக்கொண்டு, அடுத்த வரியிலேயே டிராப் கட்டளை போட்டு, ஸ்கிரிப்ட் முடியும்போது கோப்பு அழியும்படி செய்துவிட்டால் வேலை முடிந்தது. கட்டுரையாளரின் இஃப் வரிகளை எடுத்துவிட்டு இந்த இரண்டைப் போட்டால், ஸ்கிரிப்டின் நீளம்கூடக் குறையும்.

சி மொழியில் அதே பெயரில் இருக்கும் எம்கேடெம்ப் ஃபங்ஷனை மட்டும் தொடக்கூடாது. அது பெயரை மட்டும் தரும், கோப்பை உருவாக்காது. மறுபடியும் அதே இடைவெளி. யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான 2008 போசிக்ஸ் தரத்திலிருந்தே அதை நீக்கிவிட்டார்கள். லினக்ஸில் கம்பைல் செய்தால், இது ஆபத்து, எம்கேஸ்டெம்ப் பயன்படுத்துங்கள் என்று புரோகிராமைக் கோத்துத் தரும் லிங்கரே எச்சரிக்கிறது. ஆனால் “புரோகிராம் ரன் ஆகுதுல்ல சார்” என்று சொல்லி மாணவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். செய்முறைத் தேர்விலும் அவுட்புட் வந்தால் முழு மதிப்பெண் போட்டுவிடுகிறோம், அது எனக்கு வருத்தம்தான். எம்கேஸ்டெம்ப் கோப்பை ஓ-எக்ஸ்க்ளூசிவ் என்ற ஃபிளாக்கோடு திறக்கிறது. அந்தப் பெயரில் எது இருந்தாலும், சிம்லிங்க்காகவே இருந்தாலும், கெர்னல் மறுத்துவிடும். உடனே வேறு பெயரை முயலும். பார்ப்பதும் உருவாக்குவதும் ஒரே செயல் என்பதால் நடுவில் யாரும் நுழைய முடியாது.

எனவே அடுத்த வாரமே அந்த ஸ்கிரிப்டைத் திருத்தி, அதே பக்கத்தில் முழுமையாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு மூலையில் பிழை திருத்தமாகப் போட்டால் வெட்டி வைத்திருப்பவர்கள் கண்ணில் படாது. தொடரின் அடுத்த பகுதி சி மொழியில் கோப்புகள் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். எம்கேஸ்டெம்ப்புக்குக் கொடுக்கும் பெயர் ஆறு எக்ஸ்களோடு முடிய வேண்டும், அதை எழுத்து அரேயாக வைக்க வேண்டும், நேரடி ஸ்ட்ரிங்காகக் கொடுக்கக்கூடாது என்பதைக் கட்டுரையாளரிடம் தவறாமல் எழுதச் சொல்லுங்கள். மாணவர்கள் அந்த இடத்தில்தான் செக்மென்டேஷன் ஃபால்ட் (புரோகிராம் சட்டென நின்றுவிடும் பிழை) வாங்கிக்கொண்டு, பழைய ஆபத்தான வழிக்கே திரும்பிப் போகிறார்கள்.

இப்படிக்கு,
கணினி ஆய்வக நிர்வாகி ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்