கடல் உயிரியல் ஆய்வகத்தாருக்கு ஒரு பயிற்சி மாணவியின் நன்றி மடல்

மதிப்பிற்குரிய விஞ்ஞானிகளுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் ஆய்வக உதவியாளர்களுக்கும் படகுக் குழுவினருக்கும் என் பணிவான வணக்கம்.

தங்கள் ஆய்வகத்தில் பயிற்சி முடித்துத் திரும்பிய முதுகலை மாணவி நான். அங்கு எனக்கு இடப்பட்ட வேலை, 200 மைக்ரான் (0.2 மில்லிமீட்டர்) கண்ணுள்ள வலையில் சிக்கிய விலங்கு மிதவையுயிரிகளை, அதாவது நீரில் மிதந்து வாழும் சிறு விலங்குகளை, நுண்ணோக்கியின் கீழ் இனம் பிரித்து எண்ணுவது. 1 மில்லிலிட்டர் நீர் கொள்ளும் எண்ணும் தட்டில் 1000 கட்டங்கள் இருக்கும். முதல் நாள் பாதித் தட்டைக் கடப்பதற்குள்ளேயே கண் வலி எடுத்தது.

முதல் வாரத்தில் நான் செய்த பிழையை இங்கே மறைக்க விரும்பவில்லை. மாதிரிகள் கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலை, வெண்காரம் சேர்த்து நடுநிலைப்படுத்தாமலேயே ஒரு மாதிரியில் ஊற்றிவிட்டேன். அதன் அமிலத்தன்மை சுண்ணாம்பு ஓடுகளை அரிக்கும் என்பதைப் பாடமாகப் படித்திருந்தும், சில வாரங்கள் கழித்துச் சிப்பி, நத்தை இளவுயிரிகளின் ஓடுகள் சிதைந்து கிடந்ததைக் கண்ட பிறகுதான் அது எனக்கு உறைத்தது. படகுக் குழுவினர் விடியுமுன் கடலுக்குச் சென்று கொண்டுவந்த மாதிரி அது. அவர்கள் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லாமல், அடுத்த முறை என்னையும் அழைத்துச் சென்று, வலையின் கயிற்றை என் கையிலேயே கொடுத்தார்கள். ஈரக் கயிற்றின் கனம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு வழிகாட்டிய ஆய்வு மாணவியோ, அந்த மாதிரி இருந்த சீசாவைக் கொட்டிவிட அனுமதிக்காமல், நேர்ந்ததை ஆய்வேட்டில் தேதியிட்டு எழுதச் சொன்னார். பின்னொரு நாள், தலையில் நீண்ட முள்ளும் பெரிய கண்களும் கொண்ட நண்டின் இளவுயிரியை வேறேதோ உயிரினம் என நான் பதிந்தபோதும் அவர் சிரிக்கவில்லை. அறிஞர்களே ஒரு காலத்தில் அதைச் சோயியா என்ற தனிப் பேரினமாக வைத்திருந்ததையும், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்கையியலாளர் ஜான் வாகன் தாம்சன் அது நண்டின் இளம் பருவமே என்று காட்டியதையும் எடுத்துச் சொல்லி, என் பதிவின் மேல் ஒரு கோடிட்டுத் திருத்தச் செய்தார். அழிப்பான் பயன்படுத்தக் கூடாது என்பதில் மட்டும் அவர் மிகக் கண்டிப்பானவர்.

கண்ணாடிக் கலன்களைத் துலக்கும் முறையைப் பொறுமையுடன் கற்பித்த உதவியாளருக்கும், என் அறிக்கையை மும்முறை திருத்தித் தந்த வழிகாட்டி விஞ்ஞானிக்கும் நான் பெரிதும் கடமைப்பட்டுள்ளேன்.

என் கையால் எழுதிய சீட்டு ஒட்டிய, ஓடுகள் சிதைந்த மாதிரியுள்ள அந்தச் சீசா இன்னும் அலமாரியில் இருப்பதாக அறிகிறேன். புதிதாக வரும் மாணவர்களுக்கு அதைக் காட்டுவதில் எனக்கு எவ்வித மறுப்பும் இல்லை.

நன்றியுடன்,
தங்கள் பயிற்சி மாணவி