வெட்டுவது மட்டும் நம் வேலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பேரனின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகளை அட்டைப்பெட்டியில் ஏதாவது செய்யவைக்கப் போவதாக நீ சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படங்களில் இருக்கும் கோட்டையும் ராக்கெட்டும் பெரியவர்கள் செய்தவை அம்மா. அப்படி ஒரு மாதிரியைச் செய்து மேஜைமேல் வைத்துவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் அதையே பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் "எனக்கு அதுமாதிரி வரலை, நீங்களே செஞ்சு கொடுங்க" என்று உன்னிடம் வந்து நிற்பார்கள். மாதிரியே வேண்டாம். வெட்டிக் கொடுப்பது நம் வேலை. அது என்னவாக ஆகவேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

வெட்டும் வேலையை முந்தின நாள் ராத்திரியே முடித்துவிட வேண்டும். பிள்ளைகள் இருக்கும் அறையில் கட்டர் கண்ணில் படவே கூடாது. பெட்டியின் அடியில் உலோகப் பின் அடித்திருந்தால் குறடால் பிடுங்கிவிடு. பிறகு அட்டையின் ஓரத்தைப் பார். இரண்டு தாள்களுக்கு நடுவே நெளிநெளியாக ஒரு தாள் ஓடும். அந்த நெளியின் போக்கிலேயே மடித்தால் நேராக மடியும், குறுக்கே மடித்தால் கசங்கும். குறுக்கேதான் மடிக்கவேண்டும் என்றால் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு மடி. சுவராக நிற்கவேண்டிய துண்டில் நெளி மேலிருந்து கீழாக ஓடட்டும். பாரம் தாங்கும்.

நான் செய்யச் சொல்வது செருகு துண்டுகள். உள்ளங்கை அளவில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று நிறைய வெட்டு, நெளி அட்டையில்தான். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பிளவு போடு. பிளவின் அகலம் அட்டையின் தடிமன் அளவு இருக்கட்டும். ஒரு துளி குறைந்தாலும் நல்லதுதான், அட்டை அமுங்கிக்கொடுத்து இறுகப் பிடிக்கும். பிள்ளைகள் ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிக்கொண்டே போவார்கள். பசை இல்லை, காயும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, பிடிக்காததைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகலாம். அழுகை வராமல் ஒரு மணி நேரம் ஓடும். கூட வரும் சின்னக் குழந்தைகளுக்கு நெளி அட்டை கத்தரிக்கோலுக்கு அடங்காது. அவர்களுக்கு மெல்லிய அட்டை டப்பாக்களைப் பிரித்துக் கொடு.

கலருக்குக் கிரேயான் போதும். பெயின்ட்தான் வேண்டும் என்று பேரன் அடம்பிடித்தால் தண்ணீரைக் குறைத்துக் கலக்கு. ஒரு பக்கம் நனைந்த அட்டை வளைந்துபோகும். பளபளப்பான பேக்கிங் டேப்பின்மேல் அந்தப் பெயின்ட் ஒட்டாது, காகித டேப்பின்மேல் ஒட்டும். சூடான பசைத் துப்பாக்கி அந்த அறைக்குள் வரவே வேண்டாம்.

இன்னொன்று. ஃப்ரிட்ஜோ வாஷிங் மெஷினோ வந்த பெரிய பெட்டி ஒன்று கிடைத்தால் அதில் எதுவும் ஒட்டாமல் நடுவில் நிறுத்து. எதிரெதிரே இரண்டு வாசல், அவர்கள் கண் உயரத்துக்கு ஒரு ஜன்னல். வாசல் இரண்டாக இருந்தால் உள்ளே யாரும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள், தள்ளுமுள்ளும் குறையும். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகர அருங்காட்சியகத்தில், பேர்பெற்ற பொம்மைகளுக்கு மரியாதை செய்யும் தேசியப் பொம்மைப் புகழ்க்கூடத்தில் 2005-ல் வெறும் அட்டைப்பெட்டியைச் சேர்த்தார்கள். அதற்கு முழுத் தகுதி உண்டு என்பேன். பொம்மைக் கார் காராகத்தான் இருக்கும், பெட்டி அரைமணிக்குள் படகாகவும் கடையாகவும் மாறிவிடும். எதையும் செய்யாமல் அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். அவனைக் கூப்பிடாதே, விட்டுவிடு.

கோணலாக நிற்பதைக் கோணலாகவே விடு, நிமிர்த்தப் போகாதே. "இது என்ன?" என்று கேட்டால் சில பிள்ளைகளுக்கு முகம் சுருங்கிவிடும். "இதைப் பத்திச் சொல்லு" என்று கேள். கடகடவென்று கொட்டுவார்கள். அடியில் பெயர் எழுதிவைக்க மறக்காதே, எல்லாம் ஒரே நிறத்தில் இருப்பதால் கிளம்பும் நேரத்தில் சண்டை வரும்.

நான் முந்தின நாள் மத்தியானமே வந்துவிடுகிறேன். கட்டரும் இரும்பு ஸ்கேலும் எடுத்துவருகிறேன். பெட்டிகளை மட்டும் நனையாமல் சேர்த்து வை.

அன்புடன்,
அப்பா