கைதட்டியது ரசிகர் குற்றமா?

ஆசிரியருக்கு,

ரஷ்ய இசைக் கச்சேரி விமர்சனத்தில், சைக்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனியில் (நான்கு பகுதிகள் கொண்ட இசைக்குழுப் படைப்பு) முழுதும் முடியும் முன்பே, மூன்றாம் பகுதி முடிந்ததும் கைதட்டியவர்களைக் கடிந்திருந்தீர்கள். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? அந்தப் பகுதி முழுக் குழுவின் முழக்கத்தோடு முடிகிறது. உண்மையான முடிவு நான்காம் பகுதியில். தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் கம்பி வாத்தியங்களான செல்லோவும் டபுள் பேஸும் தேய்ந்து தேய்ந்து அடங்கும். மூன்றாம் பகுதி முடிந்ததும் இசைக்குழு நடத்துநர் கையை இறக்காமல் உடனே நான்காம் பகுதியைத் தொடங்கினால் கைதட்ட இடைவெளியே கிடைக்காது.

ராக்மனினோவின் இரண்டாம் கன்செர்ட்டோவில் (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) பியானோவின் ஒலி அமுங்கிப்போனதும்கூட வாசித்தவரின் குறை அல்ல. தொடக்கத்தில் முதல் 8 பார் (தாள அளவு) மட்டுமே தனிப் பியானோ. பிறகு வயலின், வயோலா, கிளாரினெட் மெட்டை எடுத்துக்கொள்ள, பியானோ அதற்குத் துணை போகிறது. 1901இல் மாஸ்கோவில் முதன்முறை முழுதாக அரங்கேறியபோதும் எழுத்து இதேதான். கம்பி வாத்தியங்களை நடத்துநர்தான் அடக்கியிருக்க வேண்டும்.

– ஒரு வாசகர்