ஜப்பான் பயிற்சிக்கு அனுப்பும் முன் ஒப்பந்தத்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுலா மேலாண்மைப் படிப்புகளின் சேர்க்கை விளம்பரங்களில் ‘ஜப்பானில் பயிற்சி’ என்ற வரி இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. காரணம் இல்லாமலும் இல்லை. 2024-இல் ஜப்பானுக்குச் சென்ற வெளிநாட்டவர் 3.68 கோடிக்கும் மேல். அவர்களில் இந்தியர் சுமார் 2.33 லட்சம். இந்தியக் குழுக்களின் தேவை அறிந்த ஆளை அங்குள்ள பயண நிறுவனங்கள் தேடுகின்றன. இங்கோ பல கல்லூரிகள் ஜப்பானிய மொழி வகுப்பு ஒன்றை நடத்திவிட்டு, தயாரிப்பு முடிந்தது என்று இருந்துவிடுகின்றன. பயிற்சி கெடுவது பெரும்பாலும் மொழியால் அல்ல. விசா வகையைப் பார்க்காததாலும், பயிற்சித் திட்டத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதாலும்தான் கெடுகிறது.

முதலில் விசா. ஊதியமோ உதவித்தொகையோ உண்டு என்றால் ‘குறிப்பிட்ட செயல்பாடுகள்’ என்ற தங்கல் தகுதி வேண்டும். சம்பளம் இல்லாமல் 90 நாளுக்கு மேல் என்றால் ‘கலாசாரச் செயல்பாடுகள்’. சம்பளமும் இல்லை, 90 நாளுக்குள் முடிந்துவிடும் என்றால் குறுகிய காலப் பார்வையாளர் விசா போதும். இந்தியருக்கான சுற்றுலா இ-விசாவில் போய், மாதா மாதம் கையில் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்று எந்த இடைத்தரகராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும். மாட்டினால் நாடு கடத்தப்படுவது மாணவர்தான், தரகர் அல்ல.

ஊதியப் பயிற்சிக்கான விதியில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மாணவர் பட்டம் தரும் படிப்பில் இருக்க வேண்டும். தொலைநிலைக் கல்வியில் படிப்பவருக்கு இது கிடைக்காது. பயிற்சி அந்தப் படிப்பின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் கல்லூரிக்கும் நிறுவனத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். மாணவரும் நிறுவனமும் தமக்குள் எழுதிக்கொண்டால் செல்லாது. காலம் ஓராண்டைத் தாண்டக் கூடாது; மொத்தமாகக் கூட்டினாலும் படிப்புக் காலத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. கடைசி செமஸ்டர் தேர்வு எழுதி, முடிவும் வந்து, பட்டம் கையில் வாங்கிய பிறகு இந்த வகையில் போக முடியாது. ‘படிப்பு முடிந்ததும் அனுப்புகிறோம்’ என்ற வாக்குறுதியில் உள்ள ஓட்டை இதுதான்.

விசா கேட்கும் முன் பெற வேண்டிய தகுதிச் சான்றிதழுக்கு ஜப்பானில் உள்ள நிறுவனம்தான் விண்ணப்பிக்கும். அது வர ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும்; வந்தபின் மூன்று மாதமே செல்லும். அதற்குள் ஜப்பானில் காலெடுத்து வைத்தாக வேண்டும். கல்லூரி தேர்வு தேதியைத் தள்ளிவைத்தால் சான்றிதழ் வீணாகும். ஆகவே பயணத்துக்கு ஐந்து மாதம் முன்பே காகித வேலையைத் தொடங்குவது நல்லது.

பயிற்சித் திட்டத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும். வெளிநாட்டு மாணவர் பயிற்சிக்கென ஜப்பான் குடிவரவு முகமை 2020-இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. கல்லூரிப் பாடத்தோடு தொடர்பில்லாத ஒரே மாதிரி வேலை பயிற்சி ஆகாது என்பதே அதன் சாரம். ‘விருந்தோம்பல் பணிகள்’ என்று பொத்தாம்பொதுவாக ஒரே வரி இருந்தால், ஆறு மாதமும் ஹோட்டல் அறையில் படுக்கை விரிப்பு மாற்றுவதில் போய்விடலாம். எந்த வாரம் எந்தப் பிரிவு, யார் பொறுப்பாளர், எதை வைத்து மதிப்பிடுவார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் பதிவு வகையையும் கேளுங்கள். ஜப்பானியரை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லும் நிறுவனத்தில் கற்பது வேறு. வெளிநாட்டு ஏஜென்சிகளுக்காக ஜப்பானுக்குள் ஹோட்டல், பஸ், உணவு ஏற்பாடு செய்யும் நிறுவனத்தில் கற்பது வேறு. இந்த இரண்டாவது வகைக்கு 2018 ஜனவரியிலிருந்து தனிப் பதிவு கட்டாயம். இந்திய மாணவருக்குப் பயன் அதிகம் அங்கேதான்.

மொழியைப் பொறுத்தவரை, ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலை தேறினால் கடையில் பேசலாம். அலுவலகத் தொலைபேசியை எடுக்க முடியாது. அதற்கு மேல்நிலையான என்3 இருந்தாலும் மரியாதை மொழியைத் தனியே பழக வேண்டும். வெளியாளிடம் பேசும்போது சொந்த மேலாளரின் பெயரைக்கூட ‘சான்’ என்ற மரியாதை ஒட்டைச் சேர்க்காமல் சொல்ல வேண்டும் என்பது நம் நாக்குக்கு எளிதில் வராது.

பெயர் தனித் தலைவலி. நம் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அல்லது அப்பாவின் பெயர் அங்கே ஏறியிருக்கும். பிறகென்ன, அலுவலகம் முழுக்க மாணவியை அப்பாவின் பெயரோடு ‘சான்’ சேர்த்துத்தான் கூப்பிடும். அதைச் சிரித்துக் கடந்துவிடலாம். வெளிநாட்டுப் பெயர்களை எழுதப் பயன்படும் கடகானா எழுத்தில் பெயரை நிறுவனம் ஒரு மாதிரி, நகராட்சி ஒரு மாதிரி, வங்கி ஒரு மாதிரி எழுதிவிட்டால் உதவித்தொகை கணக்கில் ஏறாமல் திரும்பிப் போகும். கிளம்பும் முன்பே ஒரே கடகானா வடிவத்தை முடிவுசெய்து, எல்லாப் படிவத்திலும் அதையே எழுத வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். கல்லூரியில் யாரும் சொல்லித் தராத கணக்கு இங்கேதான் இருக்கிறது. ஜப்பானின் பாரம்பரிய விடுதிகள் பொதுவாக அறைக்கு விலை சொல்வதில்லை, தலைக்குச் சொல்கின்றன. பெரும்பாலும் இரவு உணவும் காலை உணவும் சேர்த்து. 15,000 யென் என்று இருந்தால் இருவர் தங்கும் அறைக்கு 30,000. இதை அறை வாடகை என்று எண்ணி இந்திய ஏஜென்சிக்கு எழுதிவிட்டால், 20 அறைக் குழுவில் ஓர் இரவுக்கே மூன்று லட்சம் யென் துண்டு விழும். வெந்நீர் ஊற்று விடுதிகளில் குளியல் வரி, வழக்கமாகத் தலைக்கு 150 யென், பல இடங்களில் அங்கேயே தனியாகக் கேட்பார்கள்.

ரத்துக் கட்டணத்தில் நாள் எண்ணும் முறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜப்பானின் உள்நாட்டுத் தொகுப்புப் பயணத்துக்கான பொது விதிப்படி, புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே முதல் நாள். அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 20-ஆம் நாள் முதல் 8-ஆம் நாள் வரை 20 சதவீதம், 7 முதல் 2 வரை 30, முந்தைய நாள் 40, அன்றே என்றால் 50, பயணம் தொடங்கிய பிறகு 100 வரை பிடிக்கலாம். 25-ஆம் தேதிப் பயணத்துக்கு 5-ஆம் தேதியே கட்டணம் தொடங்குகிறது; 18-ஆம் தேதி 30-க்குத் தாவுகிறது. நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தங்களில் விகிதம் மாறும், எண்ணும் பழக்கம் அதிகம் மாறாது. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னே இருக்கிறது. 17-ஆம் தேதி மாலை 6 மணிக்குச் சென்னையிலிருந்து ரத்து மெயில் போனால் அங்கே இரவு 9.30. அலுவலக நேரத்துக்குப் பின் வந்ததைப் பல நிறுவனங்கள் மறுநாள் கணக்கில்தான் வைக்கும். பத்து சதவீதம் போய்விட்டது. இந்தியத் தரப்பிடம் கேட்கவேண்டியதை ஜப்பான் நேரப்படி மதியம் 1.30-க்கு, அதாவது இங்கே 10 மணிக்கு, கேட்டு வாங்கிவிட வேண்டும் என்பது இதனால்தான்.

பயணிகளின் பெட்டிகளிலும் இப்படிக் கணக்கு உண்டு. தொகாய்தோ, சான்யோ வழித்தடப் புல்லட் ரயில்களில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ.யைத் தாண்டும் பெட்டிக்கு இடம் முன்பதிவு வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பதிவு செய்யாமல் ஏறினால் 1,000 யென். 250 செ.மீ.யைத் தாண்டினால் ஏற்றவே முடியாது. குழுவென்றால் பெட்டிகளை ஹோட்டலிலிருந்து ஹோட்டலுக்குக் கூரியரில் அனுப்புவதே சிறந்தது. தோக்கியோவில் கொடுத்தது கியோத்தோவுக்குப் பொதுவாக மறுநாள்தான் வரும். ஓர் இரவுக்கான துணியைக் கைப்பையில் வைக்கச் சொல்ல மறந்தால் வசவு உறுதி. வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆனது. தோக்கியோ–கியோத்தோ ஒருவழிக் கட்டணம் சுமார் 14,000 யென். அந்த இரு ஊருக்கு மட்டும் போய்த் திரும்புபவருக்குப் பாஸ் நட்டம்.

உணவில்தான் நம் மாணவர் உண்மையில் பெயர் வாங்கலாம். ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் இறைச்சியை எடுத்துவிட்டு மீன் சாற்றில் செய்த சூப்பை வைப்பார்கள். அங்கே தாஷி எனப்படும் அந்தச் சாறு ஒரு பொருளாகவே மனதில் படாது, நமக்குத் தண்ணீர் போல. நூடுல்ஸ் குழம்பு, மிசோ சூப், வேகவைத்த காய் எல்லாவற்றிலும் அது இருக்கும்; மிரின் என்ற சமையல் திரவத்தில் மது உண்டு. எனவே ‘மீன் சாறு கூடாது, முட்டை கூடாது, மிரின் கூடாது, கடற்பாசிச் சாறு சரி’ என்று பொருள் வாரியாக எழுத வேண்டும். சமண உணவு என்றால் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எனக் கிழங்கு வகைகளையும் கூடாதவற்றின் பட்டியலில் சேர்க்க வேண்டும். முன்பதிவின்போதே இது போக வேண்டும். போய் இறங்கியபின் சொன்னால் சோறும் ஊறுகாயும்தான் கிடைக்கும்.

‘ஹோ-ரென்-சோ’ என்ற சொல்லை முதல் வாரமே கேட்பார்கள். அறிவித்தல், தெரிவித்தல், கலந்தாலோசித்தல் என்பதன் சுருக்கம். பசலைக்கீரைக்கும் அதே பெயர். தவறு செய்ததைவிட அதை மாலைவரை சொல்லாமல் வைத்திருந்ததுதான் அங்கே பெரிய குற்றம்.

மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவருக்கான தங்கல் அட்டை பெரிய விமான நிலையங்களில் இறங்கியதுமே கிடைக்கும். வீடு புகுந்த 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரி பதிய வேண்டும். அவர் தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர வேண்டும். வாரம் 28 மணி நேரப் பகுதிநேர வேலை என்பது மாணவர் விசாவில் போய் அனுமதி பெற்றவருக்கானது. பயிற்சிக்குப் போனவர் அதை நம்பி மாலையில் கடைக்கு வேலைக்குப் போகக் கூடாது.

பல்கலைக்கழகங்கள் இணைப்புக் கல்லூரிகளிடம் இரண்டு காகிதங்களைக் கட்டாயமாகக் கேட்கலாம்: நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம், வார வாரியான பயிற்சித் திட்டம். இரண்டின் தமிழ்ப் பிரதியும் பெற்றோர் கைக்குக் கட்டணம் கட்டும் முன்பே போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
பயணத் துறையில் பணிபுரியும் வாசகர்கள் சிலர்